துஜியாங்யான் நீர்திறப்பு விழா

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், மின்சியாங் ஆறு மலையை விட்டுச் செங்டு சமவெளியில் இறங்கும் இடத்தில் உள்ள பழமையான பாசன அமைப்பு துஜியாங்யான். சின் அரசின் கீழ் ஷூ பகுதியின் ஆளுநராக இருந்த லி பிங் கி.மு. 256 வாக்கில் இதைத் தொடங்கினார். இன்றும் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் இதன் நீரில் விளைகிறது. இளவேனிலில், ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் சிங்மிங் நாளையொட்டி, இங்கு நீர்திறப்பு விழா நடைபெறுகிறது.

லி பிங் ஆற்றை மறித்து அணை கட்டவில்லை. மீன்வாய் எனப்படும் நடுக்கரை ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியாறு வெள்ளத்தைக் கொண்டுபோகும். உள்ளாறு வயலுக்குப் பாயும். உள்ளாறு குறுகலானது, ஆழமானது. ஆகவே நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு நீர் உள்ளாற்றுக்குச் செல்லும். வெள்ளக் காலத்தில் நான்கு பங்குதான் செல்லும். மிஞ்சிய நீரும் மணலும் ஒரு தாழ்வான கலிங்கைத் தாண்டி மீண்டும் வெளியாற்றில் விழும். பிறகு, குன்றைப் பிளந்து வெட்டிய சுமார் 20 மீட்டர் அகல வாய் வழியாக நீர் சமவெளிக்குள் நுழையும். வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறையைத் தீமூட்டிக் காய்ச்சி, நீர் ஊற்றி விரிசல்விடச் செய்து வெட்டினார்கள் என்பது வழிவழிச் செய்தி.

இத்தனை நுட்பம் இருந்தும், ஓராண்டு கவனிக்காமல் விட்டால் வண்டல் மேடிட்டுவிடும். கரைகளோ அக்காலத்தில் ஆற்றுக்கற்கள் நிரப்பிய மூங்கில் கூடைகளால் ஆனவையாக இருந்தன. சில ஆண்டுகளில் மக்கிப்போகும். யுவான் காலத்தில் இரும்பு ஆமையையும் மிங் காலத்தில் இரும்பு எருதுகளையும் வார்த்து மீன்வாயை நிரந்தரமாக்கப் பார்த்தார்கள். ஆறு அவற்றையும் விட்டுவைக்கவில்லை. மூங்கில் கூடைக்கே திரும்ப வேண்டியிருந்தது. எனவே துஜியாங்யான் நிலைத்ததற்குக் காரணம் லி பிங்கின் அறிவு மட்டுமல்ல, ஆண்டுதோறும் தூர்வாரிய கைகளும்தான். மூன்றாம் நூற்றாண்டில் ஷூ நாட்டு அமைச்சர் சூகே லியாங் இதன் காவலுக்கும் பராமரிப்புக்கும் 1,200 பேரை நிறுத்தியிருந்தார்.

தூர்வாரலுக்கு ஒரு முறை இருந்தது. அக்டோபர் இறுதியில், மாச்சா எனப்படும் முக்கால் மரச்சட்டங்களை ஆற்றில் வரிசையாக நிறுத்தி, மூங்கில் பாயும் மண்ணும் வைத்து வெளியாற்றை அடைப்பார்கள். அதைத் தூர்வாரியபின், பிப்ரவரியில் வசந்தம் பிறக்கும் வேளையில் தடுப்பை மாற்றி உள்ளாற்றை அடைப்பார்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது? படுகையில் புதைத்த இரும்புப் பாளங்கள் கண்ணில் படும்வரை. அதிகாரியின் வாய்மொழியை நம்ப வேண்டியதில்லை, எவரும் பார்த்துக்கொள்ளலாம். பொதுநீர் விஷயத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சிங்மிங் வரும்போது வேலை முடிந்திருக்கும்; நாற்றங்கால் நீருக்குக் காத்திருக்கும். வழிபாடு முடிந்ததும் மாச்சாக்களின் கட்டுகளைக் கோடரியால் வெட்டி, வடம் பிடித்து இழுத்துச் சாய்ப்பார்கள். நீர் பாய்ந்து வரும். இளைஞர்கள் கரையோரம் ஓடி அதன் முனையில் கல்லெறிவார்கள்; முதல் நீரை முகந்து வழிபாட்டுக்கு வைப்பவர்களும் உண்டு. சொங் அரசு 978இல் இதை அரசு விழாவாக்கியது.

1974இல் வெளியாற்றில் மதகுகள் கட்டப்பட்டதும் மாச்சாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த வேலைக்காகத் தோண்டியபோதுதான் லி பிங்கின் கற்சிலை ஆற்றுப்படுகையில் கிடைத்தது. அதில் பொறித்த ஆண்டு கி.பி. 168. நீர் காக்க நிறுத்திய மூன்று கல்மனிதர்களில் ஒன்று என்று அதன் எழுத்து சொல்கிறது. லி பிங்கே மூன்று கல்மனிதர்களை ஆற்றில் நிறுத்தி, நீர் அவற்றின் காலுக்குக் கீழே வற்றவும் கூடாது, தோளுக்கு மேல் ஏறவும் கூடாது என்று வைத்ததாக நான்காம் நூற்றாண்டு வரலாற்று நூலொன்று கூறுகிறது.

2000இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில், மீன்வாய்க்குச் சுமார் 1.3 கிலோமீட்டர் மேலே புதிய அணை கட்டும் திட்டம் வந்தது. மரபுக் காப்பாளர்களும் செய்தித்தாள்களும் கடுமையாக எதிர்த்ததால் 2003 ஆகஸ்டில் அது கைவிடப்பட்டது.

இப்போது விழாவுக்கென்றே சில மாச்சாக்களை நிறுத்தி, வெட்டிச் சாய்க்கிறார்கள். பழைய உடையில் நடிப்பவர்களும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த காட்சி அது. ஆனாலும் அதை வெறும் நாடகம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மாச்சாவைக் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருப்பது அந்த விழாவால்தான்.