வரியா, விளைவா? கெர்னல் வகைத் தகவல் கருவிகளில் நிரல் மதிப்பாய்வின் பொருள்

1. வினாவும் வாதமும்

ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வதையே நிரல் மதிப்பாய்வு என்று பொதுவாகக் கொள்கிறோம். மைக்கேல் ஃபேகன் 1976-இல் 'ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல்' இதழில் முறைப்படுத்திக் காட்டிய ஆய்வுக் கூட்டமானாலும், இன்று லினக்ஸ் கெர்னலில் அன்றாடம் நடக்கும் பேட்ச் மதிப்பாய்வானாலும், படிக்கப்படுவது மூலநிரலின் வரிகள்தாம். பெரும்பாலான மென்பொருளுக்கு இது பொருந்துகிறது. கெர்னலின் தரவு வகைகளைப் பற்றிய தகவலைத் தயாரிக்கும் கருவிகளுக்கு இது போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். அக்கருவிகளில் ஒரு பேட்ச் மாற்றுவது நூறு வரி நிரலை. அந்த நூறு வரி மாற்றுவதோ பல்லாயிரம் வகைகளைப் பற்றிய கூற்றுகளை. மதிப்பாய்வாளர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கூற்றுகளைத்தான். இதை ஏற்றால், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீட்டைத் தருவது என்ற பண்பு இத்தகைய கருவிக்கு முன்நிபந்தனை ஆகிவிடும். வெளியீடு நிலையாக இல்லாத கருவியை மதிப்பாய்வு செய்யவே இயலாது.

சான்றாக எடுத்துக்கொள்வது லினக்ஸின் பிடிஎஃப் என்ற வகைத் தகவல் வடிவத்தையும், அதை உருவாக்கும் பாஹோல் என்ற கருவியையும்.

2. அட்டவணை உருவாகும் வழி

சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றியதும் ஸ்ட்ரக்ட், யூனியன், பாயின்டர் என்ற வேறுபாடெல்லாம் மறைந்துவிடும். அவற்றை மீட்டுக்கொள்ள, பிழைநீக்கிகளுக்காக டுவார்ஃப் என்ற வடிவத்தில் கம்பைலர் தனியே குறித்துவைக்கிறது. அது மிகப் பெரியது. இயங்கும் கெர்னலோடு சுமந்து திரிய முடியாது. சன் நிறுவனம் 2005-இல் சொலாரிஸ் 10-ஐ டிட்ரேஸ் என்ற கண்காணிப்பு வசதியோடு வெளியிட்டபோது சிடிஎஃப் என்ற சுருக்க வடிவத்தைக் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்திருந்தது. லினக்ஸில் அதே பணிக்கான பிடிஎஃப் 2018-இல், 4.18 பதிப்பில் வந்தது.

பாஹோல் அதற்கு முன்பே இருந்த கருவி. அர்னால்டோ கார்வாலோ டி மெலோ 2007-ஆம் ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அதை அறிமுகம் செய்தபோது, ஸ்ட்ரக்ட்டின் உறுப்புகளுக்கு இடையில் வீணாகும் பைட்டுகளைக் கண்டுபிடிப்பதே அதன் முதன்மை வேலையாக இருந்தது. டுவார்ஃபை முழுமையாக வாசிக்கத் தெரிந்த கருவி என்பதால் பிடிஎஃப் எழுதும் பொறுப்பும் அதனிடமே வந்து சேர்ந்தது.

இடையில் ஒரு தடை இருந்தது. கெர்னலின் ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியே கம்பைல் ஆவதால், டாஸ்க்_ஸ்ட்ரக்ட் போன்ற ஒரு வகை அதைப் பயன்படுத்தும் கோப்புகள் ஒவ்வொன்றின் தகவலிலும் மறுபடி மறுபடி விவரிக்கப்படுகிறது. இந்தப் பிரதிகளை ஒன்றாக்கும் வழிமுறையை ஆண்ட்ரி நக்ரைகோ லிப்பிபிஎஃப் நூலகத்தில் எழுதினார். 124 எம்பி அளவுள்ள டுவார்ஃப் வகைத் தகவல் அதனால் 1.5 எம்பி பிடிஎஃப் ஆகச் சுருங்கியது. 2019-இல் வெளிவந்த 5.2 பதிப்பிலிருந்து கெர்னலைக் கட்டும்போதே இந்த அட்டவணையும் உருவாகிறது. 5.4 முதல் இயங்கும் கெர்னலிலிருந்தே அதைப் படிக்கலாம். 5.11 முதல் மாட்யூல்களுக்கும் தனி அட்டவணை உண்டு.

ஆக, கம்பைலர் டுவார்ஃபை எழுதுகிறது. பாஹோல் அதை வாசிக்கிறது. லிப்பிபிஎஃப் பிரதிகளை நீக்குகிறது. கெர்னல் முடிவை ஏற்றுப் பயன்படுத்துகிறது. நான்கும் வெவ்வேறு திட்டங்கள் அல்லது துணைத் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பராமரிப்பாளர்கள். ஒரு திட்டத்தின் பேட்ச்சைப் படிப்பவர் கண்ணில் மற்ற மூன்றும் படுவதில்லை. வரிவாசிப்பின் முதல் பலவீனம் இது.

3. பிழை வாய் திறக்காத இடம்

வகை அட்டவணை நில அளவைப் படத்தைப் போன்றது. படத்தில் எல்லை தவறினால் நிலம் நகர்ந்துவிடாது. படத்தை நம்பி வேலி போட்டவர்தாம் அடுத்தவர் மனையில் நிற்பார். பிடிஎஃபில் பிழை இருந்தாலும் கெர்னல் இயல்பாகவே இயங்கும். அதை நம்பி நினைவகத்தை வாசிக்கும், பிபிஎஃப் என்ற வசதியால் கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டப்படும் நிரல்தான் தவறான விடையை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், கையில் வாங்கிக்கொள்ளும்.

ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். பிடிஎஃபில் ஸ்ட்ரக்ட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் 32 பிட் கொண்ட இடக்குறி எண் ஒன்று உண்டு. சாதாரண ஸ்ட்ரக்ட்டில் அந்த எண் முழுவதும் உறுப்பு தொடங்கும் பிட் இடத்தைச் சொல்லும். பிட்ஃபீல்ட் உள்ள ஸ்ட்ரக்ட்டில் தலைப்பிலுள்ள ஒரு கொடி பிட் 1 ஆகும். அப்போது மேல் 8 பிட்டுகள் உறுப்பின் அகலத்தையும் கீழ் 24 பிட்டுகள் தொடங்கும் இடத்தையும் குறிக்கும். 5-ஆவது பிட்டில் தொடங்கும் 3 பிட் உறுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இடக்குறி எண் 5,03,31,653. கொடியைப் பார்க்க மறந்த வாசிப்பான் இதை நேரடி இடமாக எடுத்துக்கொண்டால், சில பைட்டுகளே கொண்ட ஸ்ட்ரக்ட்டில் அந்த உறுப்பை ஏறத்தாழ 6 எம்பி தள்ளித் தேடும். இவ்வளவு பெரிய பிழை உடனே பிடிபட்டுவிடும். எழுதும் கருவி அகலத்தைச் சரியாக எழுதி, தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பிட் பிசகினால்? அட்டவணை வடிவ அளவில் முற்றிலும் சரி. கெர்னல் அதை ஏற்கும். நிரல் அண்டையிலுள்ள கொடியை வாசித்து, அதையே உண்மை என்று நம்பும். பேட்ச்சைப் பார்த்தால் ஒரு கூட்டலோ கழித்தலோ மட்டும் மாறியிருக்கும். பெரும்-இறுதி பைட் வரிசை கொண்ட எஸ்390 போன்ற இயந்திரத்தில் அது சரியா என்பதை வரியைப் படித்து மட்டும் முடிவு செய்ய எவராலும் எளிதில் இயலாது.

பிரதி நீக்கத்திலும் இதே கதைதான். இரண்டு கோப்புகளில் உள்ள டாஸ்க்_ஸ்ட்ரக்ட் விவரங்கள் ஒன்றா என்று ஒப்பிடும்போது, அதன் பாயின்டர்கள் சுட்டும் வகைகளையும், அவை சுட்டும் வகைகளையும் சங்கிலியாக ஒப்பிட வேண்டும். சங்கிலியின் எங்கோ ஒரு மூலையில் ஓர் அணியின் விவரம் இருமுறை பதிவாகி ஒப்பீடு தவறினால் போதும்: டாஸ்க்_ஸ்ட்ரக்ட் இரண்டாகும்; அதைச் சுட்டுபவை எல்லாமே இரண்டாகும். அட்டவணையைச் சி தலைப்புக் கோப்பாக மாற்றிப் பார்த்தால் அப்போதுதான் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் என்ற பெயரோடு 2 என்ற வால் ஒட்டிக்கொண்டு இன்னொன்று நிற்கும். குற்றம் செய்த வரி அதற்கு வெகு தொலைவில் இருக்கும். லிப்பிபிஎஃபில் ஒத்த அணிகளுக்கும் ஒத்த ஸ்ட்ரக்ட்டுகளுக்கும் தனியே விலக்குவிதி எழுத நேர்ந்ததே, இச்சிக்கல் வெளியீட்டில்தான் வெளிப்படுகிறது என்பதற்குச் சான்று.

4. இல்லாமையும் பொய்யும்

அட்டவணையில் நேரக்கூடிய குறைகள் இரண்டு: இருக்க வேண்டியது இல்லாமை, இருப்பது பொய்யாதல். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வகைகளோடு செயற்கூறுகளின் அளபுருக்களையும் அட்டவணை விவரிக்கிறது. எக்ஸ்86-64 கட்டமைப்பில் ஒரு செயற்கூறின் முதல் அளபுரு ஆர்டிஐ பதிவகத்திலும் இரண்டாவது ஆர்எஸ்ஐ பதிவகத்திலும் செல்லும். கோப்புக்குள்ளேயே பயன்படும் ஒரு செயற்கூறில் முதல் அளபுரு வீண் என்று கண்டால், உகப்பாக்கத்தின்போது கம்பைலர் அதை நீக்கிவிடலாம். அப்போது மூலநிரலில் இரண்டாவதாக இருப்பது ஆர்டிஐக்கு வந்துவிடும். மூலநிரலில் உள்ளபடியே பிடிஎஃபில் எழுதிவைத்தால், அச்செயற்கூறைக் கண்காணிக்கும் பிபிஎஃப் நிரல் ஓர் எண்ணைப் பாயின்டராகக் கருதி வாசிக்க முனையும். அத்தகைய வாசிப்பு தவறினால் கெர்னல் நிலைகுலையாதபடி காப்பு உண்டு. கிடைப்பது சுழியமாக இருக்கும். காப்பு இருப்பதாலேயே பிழை வெளியே தெரியாமல் போகிறது. ஒரே பெயரில் இரு கோப்புகளில் வெவ்வேறு அளபுருக்களோடு செயற்கூறுகள் இருப்பதும் கெர்னலில் நடப்பதே. ஒரு பெயருக்கு இரு விவரம் இருந்தால் எதை எழுதினாலும் பாதி பொய்.

பாஹோல் 1.25 பதிப்பு இதற்குக் கண்ட வழி, விவரம் முரண்படும் செயற்கூறுகளையும் எதிர்பாராத பதிவகத்தில் அளபுரு வரும் செயற்கூறுகளையும் அட்டவணையில் சேர்க்காமல் விட்டுவிடும் தெரிவு. இது சரியான முடிவு என்பேன். அட்டவணையில் இல்லாத செயற்கூறோடு நிரலைப் பிணைக்க முயன்றவருக்குப் பிழைச்செய்தி கிடைக்கும். அவர் வேறு வழி தேடிக்கொள்வார். பொய்யான விவரத்தை நம்பியவருக்கு எதுவும் கிடைக்காது.

ஆனால் இந்த முடிவு மதிப்பாய்வாளரின் சுமையைக் கூட்டுகிறது. விலக்கும் நிபந்தனை சற்றே அகலமாகிவிட்டால் நூற்றுக்கணக்கான நல்ல செயற்கூறுகளும் சேர்ந்து உதிரும். கெர்னல் கட்டுமானம் வெற்றி பெறும், அட்டவணை செல்லுபடியாகும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் செயற்கூறுகளின் பட்டியலை எடுத்து ஒப்பிட்டவருக்கு மட்டுமே இழப்பு தெரியும்.

5. பழைய வாசகர்

வகைத் தகவலின் வாசகர்கள் ஒரே காலத்தவர் அல்லர். புதிய பாஹோல் எழுதியதைப் பழைய கெர்னல் வாசிக்க நேரும். பிடிஎஃபில் ஒவ்வொரு பதிவும் 12 பைட் தலைப்போடு தொடங்கி, இனத்துக்கேற்ற நீளத்தில் தொடர்கிறது. இனம் தெரியாத பதிவின் நீளமும் தெரியாது. அதைத் தாண்டிச் செல்ல வழியில்லை. எனவே தெரியாத ஒரே ஒரு பதிவு முழு அட்டவணையையும் வாசிக்க முடியாததாக்கிவிடும்.

64 பிட் எனம் வகைக்கான இனம் கெர்னல் 6.0-இல் சேர்ந்தது; பாஹோல் 1.24 அதை எழுதத் தொடங்கியது. அந்தப் பாஹோலைக் கொண்டு 5.15 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைக் கட்டியபோது, அட்டவணையை ஏற்க முடியாமல் கட்டுமானமே நின்றது. அப்பதிப்புகளின் கட்டுமானக் குறிப்பில், அந்த இனத்தை எழுத வேண்டாம் என்று பாஹோலுக்குச் சொல்லும் தெரிவைச் சேர்த்தே சரிசெய்ய வேண்டியிருந்தது. பாஹோலில் நுழைந்த மாற்றத்தில் வரி அளவில் பிழையே இல்லை. அதன் வெளியீட்டைப் பழைய வாசகரிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் வரிக்கு வெளியே நின்றது.

இனத்தைக் குறிக்கும் இடமே ஒருமுறை விரிந்தது. முதலில் அதற்கு 4 பிட்; 0 முதல் 15 வரை எழுதலாம். மிதவைப்புள்ளி எண்ணுக்கான 16-ஆவது இனம் 5.13-இல் வந்தபோது அது 5 பிட் ஆனது. பேட்ச்சில் இதைப் போல எளிய மாற்றம் இருக்க முடியாது. எனினும் 4 பிட் மட்டும் பார்க்கும் வாசிப்பானுக்கு 16 என்பது 0.

6. வெளியீட்டை முன்வைக்கும் மதிப்பாய்வு

வகைத் தகவலை மாற்றும் எந்தப் பேட்ச்சும் மூன்று சான்றுகளோடு வர வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஒன்று, ஒரே கெர்னல் அமைவையும் ஒரே கம்பைலரையும் வைத்து மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அட்டவணைகளின் வேறுபாடு. இரண்டு, அவ்வேறுபாட்டைப் புதியவை, இழந்தவை, மாறியவை என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஓர் எடுத்துக்காட்டை மூலநிரலோடு ஒத்துப் பார்த்த குறிப்பு. மூன்று, ஆதரவில் உள்ள மிகப் பழைய கெர்னல் இந்த வெளியீட்டை ஏற்றுக்கொள்கிறது என்ற சோதனை.

இதற்கு எழும் முதல் மறுப்பு நடைமுறை சார்ந்தது. தொடக்கத்தில் ஒரு வகை புதிதாகச் சேர்ந்தால் அதற்குப் பின்வரும் வகைகளின் வரிசை எண்கள் எல்லாம் நகரும். ஒப்பீடு ஆயிரக்கணக்கான பொய் வேறுபாடுகளைக் காட்டும். எண்களை விட்டுவிட்டு, அட்டவணையைச் சி வடிவில் கொட்டிப் பெயர்வாரியாக ஒப்பிடுவது இதற்கு விடை. இன்னொரு இடர் ஆழமானது. பாஹோல் பல இழைகளில் வேலை செய்யும்போது, எந்த இழை முதலில் முடிகிறதோ அதற்கேற்ப வரிசை மாறும். எதையுமே மாற்றாமல் இருமுறை ஓட்டினாலும் இரு வெளியீடு வரும். பாஹோலில் பின்னர் சேர்ந்த, மீளுருவாக்கத்துக்கு உதவும் தெரிவு இதைத் தீர்க்கிறது. மீளுருவாக்கக்கூடிய கட்டுமானத்தைப் பொதுவாக விநியோகப் பாதுகாப்பின் பெயரில் வலியுறுத்துகிறார்கள். மதிப்பாய்வின் பெயரிலும் அதை வலியுறுத்த வேண்டும்: வேறுபாடு வந்தால் அது பேட்ச்சால் வந்தது என்று சொல்ல முடிந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

இரண்டாவது மறுப்பு, சோதனைத் தொகுப்பு இருக்கும்போது இது ஏன் என்பது. சோதனை, அதை எழுதியவர் முன்கூட்டி நினைத்ததைத்தான் கேட்கும். வெளியீட்டு வேறுபாடோ யாரும் நினைக்காததையும் காட்டும். ஆல்பெர்டோ பக்கெல்லியும் கிறிஸ்டியன் பேர்டும் மைக்ரோசாஃப்டில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மதிப்பாய்வின் கடினமான பகுதி மாற்றத்தைப் புரிந்துகொள்வதே என்று காட்டியது. வெளியீட்டு வேறுபாடு அந்தப் புரிதலுக்கான குறுக்குவழி.

மூன்றாவது மறுப்பில் நியாயம் உண்டு: ஓர் அமைவில் எடுத்த ஒப்பீடு எல்லாக் கட்டமைப்புகளுக்கும் கம்பைலர்களுக்கும் பேசாது. ஜிசிசியும் கிளாங்கும் எழுதும் டுவார்ஃப் ஒன்றல்ல. நினைவகக் கசிவு, எல்லை மீறல், இழைகளுக்கிடையேயான போட்டி ஆகியவற்றையும் வெளியீடு காட்டாது. அவற்றுக்கு வரிவாசிப்பே வழி. ஆகவே வரிவாசிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. வெளியீட்டுக்குப் பிறகு அதை வைக்கச் சொல்கிறேன். கெர்னலின் ஆவணங்கள் மதிப்பாய்வாளரின் ஒப்பத்துக்குத் தரும் விளக்கத்தின்படி, அந்த ஒப்பம் பிழையின்மைக்கு உத்தரவாதம் அன்று. உரிய தொழில்நுட்பப் பரிசீலனை நடந்தது என்பதற்கான உறுதி. வகைத் தகவலில் உரிய பரிசீலனை எது என்பதையே இங்கு வரையறுக்க முயன்றிருக்கிறேன்.

7. முடிவு

அடுத்த தேர்வு ரஸ்ட் மொழியில் காத்திருக்கிறது. 6.1 பதிப்பில் கெர்னலுக்குள் நுழைந்த ரஸ்ட் நிரல்களின் வகைகளை, சி மொழிக்கென அமைந்த பிடிஎஃபில் சேர்க்காமல் விலக்கும்படி பாஹோலுக்குச் சொல்லப்பட்டது. பொய்யைவிட இல்லாமை மேல் என்ற முடிவின் இன்னொரு வடிவம் அது. அந்த விலக்கை ஒருநாள் தளர்த்தும் பேட்ச் வரும்போது, அது அநேகமாகச் சில வரிகளே இருக்கும். படிப்பவர் அதில் குறை காண மாட்டார். அட்டவணையில் புதிதாக என்னென்ன வகைகள் நுழைந்தன, அவற்றில் எவற்றைப் பழைய வாசிப்பான்கள் புரிந்துகொள்ளும் என்ற பட்டியல் இல்லாமல் அதற்கு ஒப்பம் இடுபவர், மாற்றத்தைப் படித்திருப்பார். மாறியதைப் படித்திருக்க மாட்டார்.