ஆலை சீனன்குடாவில், தலைமையகம் கொழும்பில்

கட்டைபறிச்சானிலிருந்து கொட்டியாரக்குடாவைக் கடந்தால் திருகோணமலைத் துறைமுகம். அங்கே டோக்கியோ சீமெந்து, பிறீமா மா ஆலை, 2003 இல் வந்த லங்கா ஐஓசியின் எண்ணெய்த் தாங்கிகள் என்று பெரிய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் சீமெந்து நிறுவனத்தின் தலைமையகம் கொள்ளுப்பிட்டியில், ஐஓசியினதும் கொழும்பில்தான்.

காரணம் எளிது. ஆலைக்கு ஆழ்கடல் வேண்டும், தலைமையகத்துக்குக் கையெழுத்து வேண்டும். அமைச்சு, மத்திய வங்கி, சுங்கம், முதலீட்டுச் சபை எல்லாம் கொழும்பில். முதலீட்டுச் சபையின் முன்னோடிக்கே 1978 இல் வைத்த பெயர் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு! விமானம் செய்யும் போயிங்கும் சியாட்டில் ஆலைகளை விட்டுவிட்டு 2001 இல் தலைமையகத்தைச் சிகாகோவுக்கும், பிறகு பென்டகனுக்குப் பக்கத்திலுள்ள ஆர்லிங்டனுக்கும் கொண்டுபோனது.

அப்படியென்றால் உள்ளூர் அரசியலுக்கு வேலையே இல்லையா? சம்பூரைப் பாருங்கள். 2006 இல் சனம் இடம்பெயர்ந்தது. 2007 இல் அந்த மண் உயர் பாதுகாப்பு வலயம். அதன்பின் இலங்கை மின்சார சபையும் இந்திய தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் சரிபாதிப் பங்கில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்குக் கம்பனி அமைத்தன. பெயரில் மட்டும் திருகோணமலை. பங்காளிகளின் தலைமையகங்கள் கொழும்பிலும் டெல்லியிலும். கைத்தொழில் வலயத்துக்கென்று இன்னும் 818 ஏக்கர் போனது. காணிக்காரர் அப்போது எங்கள் ஊரிலும் மணற்சேனை, பட்டித்திடல், கிளிவெட்டியிலும் முகாம்களில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

முகாமில் இருந்தவர்கள் விடவில்லை. மறியல், மனு, வழக்கு என்று நின்றார்கள். ஆனால் கதவு திறந்தது 2015 இல் கொழும்பில் ஆட்சி மாறியபோதுதான். அந்த மே மாதம் 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்தானது. 2016 மார்ச்சில் கடற்படை 237 ஏக்கரை விட்டது. செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. என் கணக்கில், உள்ளூர் எதிர்ப்பால் ஒரு திட்டத்தைத் தடுக்க முடிகிறது. தலைமையகத்தை இங்கே இழுக்க முடிவதில்லை. அதற்கு அதிகாரம் இங்கே இருக்க வேண்டும். கிழக்கு மாகாண சபையோ 2017 இல் கலைந்தது. 2025 வரை தேர்தல் இல்லை.

இப்போது சம்பூருக்கு 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் வருகிறது. 2025 ஏப்ரல் 5 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் மோடியும் அதை ஆரம்பித்து வைத்தார்கள், கொழும்பிலிருந்து, இணையவழியாக.