தோற்காமல் எடுத்த அரைப் புள்ளி: குகேஷ் – டிங் லிரென் 13-ஆவது ஆட்டம்

சதுரங்கம் பழகும் பிள்ளைகளில் பலர், ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முகம் வாடிவிடுவார்கள். பத்து பாகாட்டில் இருக்கும் நமக்கு, ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே செந்தோசாவில் 2024 டிசம்பர் 11-ஆம் தேதி நடந்த ஓர் ஆட்டம், சமநிலையின் மதிப்பைப் புரிய வைக்கும்.

உலகச் சதுரங்கப் போட்டியின் 13-ஆவது ஆட்டம் அது. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் அப்போதைய உலக வெற்றியாளர் சீனாவின் டிங் லிரெனும் தலா 6 புள்ளிகளுடன் இருந்தனர். மீதம் இரண்டே ஆட்டங்கள். தோற்பவருக்குப் பட்டம் கிட்டத்தட்ட கைநழுவிவிடும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷ், ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். டிங் அதே வரிசைச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினார். இதுவே 'பிரெஞ்சு தற்காப்பு'. 1834-இல் லண்டன், பாரிஸ் சங்கங்கள் கடிதம் வழியே ஆடிய போட்டியில் பாரிஸ் இம்முறையைக் கையாண்டு வென்றதால் இந்தப் பெயர் வந்தது.

இந்தத் தொடக்கத்தில் கறுப்புக்கு நடுப்பகுதி உறுதியாக இருக்கும். ஆனால், ராணிப் பக்கத்து மந்திரி தன் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். இடநெருக்கடியும் உண்டு. பொறுமை இல்லாதவருக்கு இது ஒத்துவராது.

அன்றும் குகேஷின் கை ஓங்கியது. டிங்குக்கு நேரமும் குறைந்துகொண்டே வந்தது. அந்த நெருக்கடியிலும் 31-ஆவது நகர்வில் யானையை எஃப்8 கட்டத்துக்குக் கொண்டு சென்றார். தோல்வியிலிருந்து அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே நகர்வு அதுதான். 68 நகர்வுகளுக்குப் பின் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஆளுக்கு அரைப் புள்ளி.

மறுநாள் கடைசி ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றது. ஆனால், 55-ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதை விடவில்லை. 7.5–6.5 என வென்று, மிக இளைய உலக வெற்றியாளர் ஆனார்.

முதல் நாள் ஒரு யானை ஆட்டத்தைக் காப்பாற்றியது; மறுநாள் ஒரு யானை பட்டத்தையே பறிகொடுத்தது. வீட்டில் பலகையை விரித்து, இந்த இரண்டு ஆட்டங்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிப் பாருங்கள். கடைசிக் காய் வரை கவனம் சிதறாமல் ஆடினால்தான் அந்த அரைப் புள்ளி கிடைக்கும் என்பது அவர்களுக்கே விளங்கும்.