கடிதக் கட்டும் ஒற்றைக் கோப்பும்

1950 ஏப்ரலில் ராபர்ட் க்ரீலிக்கும் சார்லஸ் ஓல்ஸனுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. க்ரீலிக்கு அப்போது 23 வயது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பண்ணையில் கோழி வளர்த்துக்கொண்டு, சிறுபத்திரிகை ஒன்று கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார். ஓல்ஸன் வாஷிங்டனில் இருந்தார். பத்திரிகை வெளிவரவேயில்லை, அதற்கென்று சேர்த்த விஷயங்கள் ஸிட் கோர்மனின் ‘ஆரிஜின்’ பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தன. கடிதம் மட்டும் நிற்கவில்லை. இருவரும் நேரில் சந்தித்தது 1954-ல்தான். அதற்குள் அவர்கள் தரப்புக் கவிதைக்கு வேண்டிய கொள்கை விவகாரங்களெல்லாம் அநேகமாகக் கடிதத்திலேயே பேசித் தீர்ந்துவிட்டன. ஓல்ஸனின் ‘ப்ரொஜெக்டிவ் வெர்ஸ்’ கட்டுரையில் உருவம் பற்றிப் பலரும் எடுத்தாளும் வாக்கியம் க்ரீலி கடிதத்தில் எழுதியதுதான். 1980 முதல் 1996 வரை ப்ளாக் ஸ்பாரோ பிரஸ் இக்கடிதங்களைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. பத்தும் சேர்ந்து 1952-ஐத் தாண்டவில்லை.

முதல் எட்டுத் தொகுதிகளின் பதிப்பாசிரியர் ஜார்ஜ் பட்டரிக் 1988-ல் காலமானார். ரிச்சர்ட் ப்ளெவின்ஸ் மீதியைச் செய்தார். இரண்டு ஆண்டுக் கடிதங்களுக்கு இரண்டு மனிதர்களின் உழைப்பு.

க்ரீலி 2005-ல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் உற்சாகமாக மின்னஞ்சல் எழுதியவர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அவரது காகிதங்களோடு ஃப்ளாப்பித் தட்டுகளும் கணிப்பொறி வட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பல்லாயிரம் மின்னஞ்சல்கள். இவற்றைப் பதிப்பிக்க எத்தனை பட்டரிக்குகள் வேண்டும் என்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அல்ல. காகிதக் கடிதம் அசிரத்தையாலேயே பிழைத்துவிடும். டிரங்குப் பெட்டியில் போட்டு மறந்தாலும் ஐம்பது வருஷம் கிடக்கும். மின்னஞ்சலுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. யாராவது ஒருவர், ஒரு நாள் உட்கார்ந்து, மொத்தமாகப் பிரதி எடுத்தால்தான் உண்டு. பத்து வருஷம் கழித்து அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதி. இந்த விதத்தில் அது காகிதத்தைவிட ஓலைக்கு நெருக்கமானது. பெயர்த்தெழுதப்படாத ஏடு என்ன ஆகும் என்பது தமிழ் வாசகனுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய செய்தி இல்லை. பெயர்த்தெழுதுகிறவன் கை மூலத்தில் படும் என்பதும் அப்படியே.

1971-ல் ரே டாம்லின்ஸன் மாஸசூஸெட்ஸில் ஒரு கணிப்பொறியிலிருந்து பக்கத்துக் கணிப்பொறிக்கு அனுப்பிய முதல் செய்தியே பாதுகாக்கப்படவில்லை. அதில் என்ன எழுதினோம் என்பது மறந்துபோயிற்று என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1984-ல் வகுக்கப்பட்ட ‘போஸ்ட் ஆஃபீஸ் ப்ரோட்டோகால்’ முறையில் கடிதத்தை நம் கணிப்பொறிக்கு இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது வழக்கமாயிற்று. ஆகவே ஒரு தலைமுறையின் கடிதங்கள் அவரவர் வட்டோடு வாழ்ந்து அவரவர் வட்டோடு மடிந்தன. 1986-ல் மார்க் கிரிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ‘ஐமேப்’ முறை கடிதத்தை அங்கேயே விட்டுவைத்து நம்மை அங்கே வரச் சொல்லிற்று. ஹாட்மெயில் 2 மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்த 2004-ல் ஜிமெயில் 1 ஜிகாபைட்டோடு வந்தது. அழிக்கவேண்டிய அவசியமே போயிற்று. அழிக்காமலிருப்பதைப் பாதுகாப்பது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் சிலரது கடிதங்கள் காணாமல்போக, கூகிள் அவற்றைக் காந்த நாடாவிலிருந்து மீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கணிப்பொறியோடு தொடர்பில்லாமல் தனியே கிடந்ததால் நாடா தப்பிற்று. 2013 டிசம்பரிலிருந்து ஒருவர் தமது ஜிமெயில் கடிதங்கள் அத்தனையையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது.

அந்த ஒற்றைக் கோப்பின் பெயர் ‘எம்பாக்ஸ்’. யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பிறந்த பழைய வடிவம். எல்லாக் கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியில்லாத சுருள்போல் ஒரே கோப்பில் எழுதப்படும். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், வரியின் முதலில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதையடுத்து ஓர் இடைவெளியும். எழுதியவரே தம் வரியை அந்தச் சொல்லில் தொடங்கினால்? இயந்திரம் குழம்பிவிடாமலிருக்க அந்த வரிக்கு முன்னால் ஒரு கோணக்குறி போடப்படுகிறது. திரும்பப் படிக்கும்போது சில மென்பொருள்கள் குறியை நீக்கும், சில நீக்காது. நீக்குகிறவற்றில் சில, எழுதியவர் தாமே போட்ட குறியையும் சேர்த்து நீக்கிவிடும். இதைச் சரிசெய்யவென்று வந்த மாற்று வடிவங்களும் உண்டு. ஆனால் பழைய கோப்பைக் கையில் எடுக்கிறவனுக்கு அது எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்று கோப்பே சொல்வதில்லை.

இதில் ஒரு விசேஷம். பதில் எழுதும்போது பிறர் கடிதத்திலிருந்து எடுத்துக்காட்டும் வரிகளுக்கு முன்னால் இடுவதும் இதே கோணக்குறிதான். ஆக, ஒரு கவிஞன் கடிதத்தில் எழுதி அனுப்பிய கவிதையில் அந்த ஒரு சொல்லில் தொடங்கும் அடி மட்டும், வேறு யாரோ எழுதியதை அவன் மேற்கோள் காட்டியதுபோல் நிற்கும். நமது பதிப்பாசிரியர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். பிரதி செய்தவனைக் குறைசொல்ல முடியாத பாடபேதம்.

அடியின் நீளத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2001-ல் வந்த விதி ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது, 998-ஐத் தாண்டவே கூடாது என்றது. மென்பொருள்கள் பல 72-லேயே வரியை ஒடித்தன. க்ரீலியின் குறுகிய அடிகளுக்கு இதனால் சேதம் குறைவு. டைப்ரைட்டர் தரும் இடைவெளியைக் கவிஞனின் மூச்சுக்கு ஸ்வரக்குறிப்பாகக் கொள்ளலாம் என்று வாதித்த ஓல்ஸன் மின்னஞ்சல் எழுதியிருந்தால், அந்த மூச்சில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். 1990-களின் கடைசியில் ஒரு நண்பர் எனக்கு எழுதிய கடிதங்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. கவிதைகளும் இருக்கின்றன, அச்சேறாதவை. அவர் இப்போது இல்லை. கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துக்களும் குறிகளும் வரிவரியாக ஓடுகின்றன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கப்பட்டது உண்மை. புழக்கத்துக்கு வர வெகுநாளாயிற்று. அதுவரை மயிலை, முரசு அஞ்சல் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு ‘டாம்’, ‘டாப்’ என்று இன்னும் இரண்டைத் தந்தது. இவை கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன: கொம்பு முதலில், ககரம் பின்னால். யூனிகோடில் இது தலைகீழ். கடிதத்தை மட்டும் பிரதி எடுத்துவிட்டு, எந்த எழுத்துருவில் எழுதினார் என்பதைக் குறித்துவைக்காவிட்டால் கவிதை கிடைக்காது. குறியேற்றத்தை ஊகித்து மாற்றிப் பார்க்கிறேன். சில வந்துவிட்டன. ஒரு கவிதையில் ஓர் அடி முழுக்க வினாக்குறிகளாக நிற்கிறது. எங்கோ ஒரு கணிப்பொறி, தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் வினாக்குறி போட்டுவிட்டது. அதை இனி எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

2011-ல் பிரிட்டிஷ் நூலகம் வெண்டி கோப்பின் ஆவணங்களை வாங்கியபோது அவற்றில் சுமார் 40,000 மின்னஞ்சல்கள் இருந்தன. இவற்றை யார், எப்படிப் படிப்பது? அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் சுதீந்திர ஹங்கலும் அவருடைய சகாக்களும் ‘மியூஸ்’ என்ற மென்பொருள் பற்றி எழுதினார்கள். ஒருவர் தமது பழைய கடிதங்களைத் தாமே மேய்ந்து நினைவுகூர்வதற்காகச் செய்தது அது. துக்கம், கோபம் என்று உணர்ச்சிவாரியாகச் சொற்களைத் தேடித்தரும். இதன் அடிப்படையில் ஸ்டான்ஃபோர்ட் நூலகம் 2015-ல் ‘இபேட்’ என்ற கருவியை வெளியிட்டது. க்ரீலியின் கடிதங்கள் அதன் சோதனைக்களங்களில் ஒன்று.

காகிதக் காலத்தில் எழுத்தாளன் பெட்டியில் பிறர் அவனுக்கு எழுதியவையே இருக்கும். மின்னஞ்சல் பெட்டியில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒருவர் கையெழுத்திட்டுத் தந்தால் நூறு பேருடைய அந்தரங்கம் கூடவே போகிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை. இதற்கு இபேட் கண்ட வழி விசித்திரமானது. முழுக் கடிதத்தையும் நூலகத்தின் வாசிப்பு அறைக்குப் போனால் படிக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடிதத்தின் சொற்களெல்லாம் மறைக்கப்பட்டு, ஆள்பெயர், ஊர்ப்பெயர், ஸ்தாபனப்பெயர் மட்டும் தெரியும். ஒரு பெயர், வெள்ளை, தூரத்தில் ஓர் ஊர். பிறகு கீழே இன்னொரு பெயர்.