இயற்கைப் பல்பகுதியங்களும் பிளாத்திக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

பிளாத்திக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கனிய எண்ணெயே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், இப்பொருளின் வரலாற்றை ஆராய்வோர் அதன் தொடக்கத்தை மரத்தின் பாலிலும் பருத்திப் பஞ்சிலும் பசுவின் பாலிலுமே காண்பர். இன்று மக்கி அழியும் பிளாத்திக்கைத் தேடும் அறிவியலார் ஒருவகையிற் பழைய வழிக்கே மீளுகின்றனர். அவ்வழி முன்னர் ஏன் கைவிடப்பட்டது என்பதை அறிந்தாலன்றி, மீளும் பயணத்தின் இடர்களை உணர்தல் அரிது.

சிறிய மூலக்கூறுகள் பல சங்கிலிபோல் இணைந்து உண்டாகும் பெரிய மூலக்கூறு பல்பகுதியம் எனப்படும். பஞ்சிலுள்ள செலுலோசு, தானியங்களிலுள்ள மாப்பொருள், றப்பர், பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் ஆகியன இயற்கை தந்த பல்பகுதியங்கள். இவற்றின் உண்மை அமைப்பை 1920 ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் எடுத்துரைத்தபோது பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953 இலேயாம். எனினும், அமைப்பை அறியுமுன்னரே மனிதன் இவற்றைத் தன் தேவைக்கேற்ப மாற்றக் கற்றுக்கொண்டான்.

இயற்கை றப்பர் வெப்பத்தில் ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சூடாக்கி அக்குறைகளை நீக்கினார். மலாயாப் பகுதிக் காடுகளிற் கிடைத்த கட்டாபேர்ச்சா என்னும் மரப்பால், 1851 இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாயிற்று. 1862 இல் இலண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியில், அலெக்சாண்டர் பார்க்ஸ் செலுலோசிலிருந்து ஆக்கிய புதுப்பொருளைக் காட்சிக்கு வைத்தார். பில்லியட் பந்துக்கு யானைத் தந்தத்தையன்றி வேறு பொருள் காண்போருக்கு 10,000 டொலர் பரிசென நியூயோர்க்கில் அறிவிக்கப்பட்டிருந்த காலம் அது. அம்முயற்சியில் ஈடுபட்ட ஜோன் வெஸ்லி ஹயற், நைத்திரேற்றிய செலுலோசைக் கற்பூரத்துடன் கலந்து செலுலோயிட்டை ஆக்கி, 1870 இல் காப்புரிமை பெற்றார். நூற்றாண்டின் இறுதியிற் கேசினைக் கடினமாக்கிப் பொத்தான்களும் சீப்புகளும் செய்யும் முறை யேர்மனியில் தோன்றியது.

இவ்வரலாறு இரு உண்மைகளைக் காட்டுகின்றது. முதலாவது, இயற்கைப் பொருளின் அழியுந் தன்மையை அடக்குவதே இம்முயற்சிகளின் நோக்கங்களுள் ஒன்று. பருத்தியிற் பிறந்த செலுலோயிட்டை, பஞ்சை உண்பதுபோல் மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் உண்பதில்லை. இரண்டாவது, இயற்கைப் பொருள் என்பதனால் இயற்கைக்குத் தீங்கு நேராதிருக்கவில்லை. கட்டாபேர்ச்சாவுக்காக எண்ணற்ற மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. கற்பூரத்துக்காகப் போர்மோசாத் தீவின் மரங்கள் அழிந்தன. 1907 இல் லியோ பேக்லாண்ட் ஆக்கிய பேக்கலைற்றும், 1933 இல் பிரித்தானிய இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ரீஸ் ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்ட பொலித்தீனும் தொடங்கிவைத்த செயற்கைப் பொருள்கள், காடுகளை நம்பியிராத மலிவான மாற்றாக வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை.

இதற்கிடையில், 1926 இல் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமுவாஞ், ஒருவகைப் பற்றீரியா தன் உடலிற் பொலியெசுத்தர் ஒன்றைச் சேமிப்புணவாக வைத்திருத்தலைக் கண்டார். எண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. எண்ணெய் விலை ஏறிய 1970 களில், பொலித்தீனைக் கண்ட அதே நிறுவனம் இதனைக் கையிலெடுத்தது. 1990 அளவில் யேர்மனியில் இப்பொருளாற் செய்த போத்தல்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும், பொலித்தீனின் விலையோடு அதனாற் போட்டியிட முடியவில்லை.

பின்னர் சோளத்திலிருந்து பெறும் பொலிலத்திக்கமிலம் பரவலாயிற்று. 2002 இல் அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் அதற்குப் பெரிய ஆலை எழுந்தது. அப்பொருள் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள கூட்டெரு ஆலையில் விரைந்து சிதையும். கடல்நீரிலோ ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். மறுபுறம், கனிய எண்ணெயிலிருந்து பெறும் பொலிகப்புரோலத்தோனை நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன. எனவே, ஒரு பொருளின் பிறப்பைக்கொண்டு அதன் இறப்பைத் தீர்மானித்தல் பொருந்தாது. மூலக்கூற்றின் அமைப்பும் அது சென்றுசேரும் இடமுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

நம் நாட்டுக்கும் இஃது அயலான செய்தியன்று. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செத்தெம்பரில் மெல்லிய பொலித்தீன், உணவு பொதியும் பொலித்தீன் தாள் முதலியவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. தடையைத் தொடர்ந்து “மக்குவது” என்னும் பெயர்தாங்கிய பொருள்கள் கடைகளை நிரப்புதல் எளிது. அவை எவ்விடத்தில், எவ்வெப்பத்தில், எத்தனை நாளில் மக்கும் என வினவுதல் கற்றோர் கடனாம்.

நம் முன்னோர் உணவிட்ட வாழையிலையும் பொருள் பொதிந்த பனையோலைப் பெட்டியும் பெரும்பாலும் செலுலோசே. அவர்கள் அதன் மூலக்கூற்றை மாற்றவில்லை. ஆதலின் மண் அதனை இலகுவில் ஏற்றுக்கொண்டது. உலகின் தேவை அனைத்தையும் ஓலையும் இலையும் நிறைவுசெய்யா. ஆனால், பயன் முடிந்தபின் பொருள் எங்கே செல்லும் என்பதை ஆக்கும்போதே எண்ணவேண்டும் என்னும் பாடத்தை அவை கற்பிக்கின்றன. நாளைய இரசாயனவியலாளராகப் போகும் மாணவர் அப்பாடத்தை மனத்திற் கொள்வாராக.