சட்டை போடாத பேங்கர்கள்!

1930 வாக்கில் ரங்கூன் மொகல் தெருவுக்கு நீங்கள் போயிருந்தால் அசந்துபோயிருப்பீர்கள். தரையில் பாய், முன்னால் சின்ன மேஜைப்பெட்டி, நெற்றியில் திருநீறு, இடுப்பில் வெள்ளை வேட்டி... சட்டை கிடையாது! செட்டிநாட்டிலிருந்து போன லேவாதேவிக்காரர் இவர். கோட்டு, டை மாட்டிய வெள்ளைக்கார பேங்குகளே இவரை நம்பிக் கடன் கொடுத்தன. பர்மாவில் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் அப்போது சுமார் 75 கோடி ரூபாய் என்றது அரசுக் கமிட்டி.

ஏஜென்ட்டாகப் போனவர் ஊர் திரும்ப மூன்று வருஷமாகும். மனைவியை அழைத்துப்போவது அபூர்வம். காரைக்குடியில் வீட்டை நிர்வகித்த ஆச்சி கட்டியது கண்டாங்கி. கனத்த பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். வளவில் நெல் காயப்போட வேண்டுமே!

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். கொடுத்த கடனும் வாங்கிய நிலமும் அங்கேயே போச்சு. கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.