திருட்டு 'ரத்தத்துல' வருமா? சட்டம் சொன்னதும் அறிவியல் சொல்வதும்

தி.நகர் ரங்கநாதன் தெரு தீபாவளி கூட்டத்துல ஒரு பிக்பாக்கெட் சிக்கினா, உடனே காதுல விழுற வார்த்தை: "இதெல்லாம் பிறவிக் குணம்". இந்த எண்ணத்தை ஒரு அரசு சட்டமாகவே எழுதி வைத்திருந்தது தெரியுமா?

1871-ல் வட இந்தியாவுக்காக பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தப்பு செய்தாரா என்பது கேள்வியே இல்லை; பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்திருந்தாலே போதும். கைரேகைப் பதிவு, ராத்திரியானா போலீஸ் முன்பு ஆஜர். இதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது, மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் பலியானார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர்.

வேடிக்கை என்னன்னா, பிறவிக் குற்றவாளி என்று முத்திரை குத்திய அதே ஆட்சிதான், பிள்ளைகளைத் 'திருத்த' கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. ரத்தத்தில் ஊறியது என்றால் பள்ளிக்கூடம் எதுக்கு?

அப்போ பரம்பரைக்குப் பங்கே இல்லையா? இருக்கு. சட்டென்று கோபப்படுவது, ரிஸ்க் எடுப்பது போன்ற சுபாவத்தில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனா திருட்டுக்கென்று தனி ஜீன் கிடையாது. அந்த சுபாவம் எங்கே போய் நிற்கும் என்பதில் வீடு, வறுமை, கூட்டாளிகள் எல்லாத்துக்கும் கை இருக்கு.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் ரத்தானது. பட்டியலில் இருந்தவர்கள் இப்போ 'சீர்மரபினர்'.